ஏகாம்பரம் சங்கத்தில் எட்டாம் தேதி

செயலாளர் துளசிராமன் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். மொத்தம் ஏழு பக்கம். கணினிக் கடையில் தட்டச்சு செய்து, நாலு மூலையிலும் கொடி படம் போட்டு வாங்கிவந்த சங்க வரலாற்றைக் காலையில் வாசலில் வைத்தே எல்லாரிடமும் காட்டியிருந்தார். இன்னும் ஐந்து பக்கம் படிப்பார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், காக்கி அட்டை போட்ட பதிவேட்டை எடுப்பார், முதல் பெயரைக் கூப்பிடுவார். அதற்கு வேதாசலம் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அது அவருடைய பெயர் அல்ல, அவருடையது இரண்டாவதாக வரும். முதல் பெயர் ஐம்பது வருடத்துக்கு முன்னால், எழுபத்தொன்று யுத்தத்தில், இதே டிசம்பரில் செத்துப்போன லான்ஸ் நாயக் ஏகாம்பரத்தினுடையது. சின்னப்பள்ளத்தூர் முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு அவன் பெயர்தான். ஆண்டுவிழாவில் அவன் பெயரை முதலில் கூப்பிடுவதும், கூடவே இருந்த வேதாசலம் அவனுக்காக ‘உள்ளேன் ஐயா’ சொல்வதும் சங்கத்தின் வழக்கம். நாற்பத்தாறு வருடமாகச் சொல்லியாயிற்று. கொரோனா வருடத்தில்கூட ஐந்து பேர் முகக்கவசத்தோடு நின்று நடத்தினார்கள், துணிக்குள்ளிருந்து அந்த இரண்டு சொல் வெளியே வந்தது. இன்றைக்கு நாற்பத்தேழாவது தடவை. தொண்டையைச் செருமிக்கொள்ளலாமா என்று பார்த்தார். செருமினால் பக்கத்தில் இருக்கும் முனிரத்தினம் திரும்புவான், திரும்பினால் பேசுவான். அவர் செருமவில்லை.

தூறல் விட்டபாடில்லை. ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் மேல் அது விழுகிற சத்தம் ஒலிபெருக்கிக்கு அடியில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்கள் ஈர மண்ணில் ஆளுக்குத் தக்கபடி இறங்கியிருந்தன. “வீரத்திற்குப் பெயர்பெற்ற நமது மண்ணில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு, பால் கூட்டுறவுச் சங்கத்தின் பின்னறையில் பதினொரு பேர் கூடி...” என்று துளசிராமன் படித்தார். “பத்து பேருய்யா. ஒருத்தன் பால் வாங்க வந்தவன்,” என்று முனிரத்தினம் காதோரம் சொன்னான். பட்டாளத்தில் லாரி ஓட்டியவன், எழுபது தாண்டியும் வாய் குறையவில்லை. “இந்த ஆளு படிச்சி முடிக்கறதுக்குள்ள எதிரி ரெண்டு தபா வந்துட்டுப் போயிருப்பான். அங்க பிரியாணி ஆறுது.” வேதாசலம் தலையாட்டினார். பத்தா பதினொன்றா என்று அவருக்கும் நினைவில்லை. மோர் புளித்த வாடை நினைவிருக்கிறது. சங்கத்துக்கு யார் பெயர் வைப்பது என்று கேட்டதும் எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. ஊரிலிருந்து போய்த் திரும்பாதவன் ஒருவன்தான், அவனோடு இருந்தவனும் ஒருவன்தான். நினைவுக்கல்லில் என்ன தேதி போடுவது என்று அவரைத்தான் கேட்டார்கள். அரசாங்கக் காகிதம் ஏகாம்பரத்தின் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது, போய் எடுத்துவரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கூட இருந்தவனே இருக்கும்போது காகிதம் எதற்கு. “எட்டு,” என்றார் இருபத்தைந்து வயது வேதாசலம். கல் கொத்துகிறவன் எட்டைக் கொத்தினான். அந்த எட்டு இப்போது அவருக்கு எதிரே, கொடிமரத்தின் அடியில், மழையில் நனைந்துகொண்டிருந்தது.

முன்வரிசையில் பெண்கள் பக்கம் தெய்வானை உட்கார்ந்திருந்தாள். ஏகாம்பரத்தின் தங்கை. அவன் சாகும்போது பதினாலு வயது, இப்போது அறுபத்து நாலு. மடியில் சாமந்தி மலர்வளையம், வருடா வருடம் கல்லுக்குப் போடுவது அவள்தான். காலையில் அவர் குடையை மடக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் பிடித்துக்கொண்டாள். பையிலிருந்து லேமினேஷன் போட்ட ஒரு பழுப்புத் தாளை எடுத்தாள். “அண்ணா, இத நீங்க பாத்திருக்கீங்களா. அம்மா பொட்டியில இருந்துச்சி. என் பையன் ராமேசுரம் போயி மாமனுக்குக் கடசியா ஒரு தெவசம் குடுத்து முடிச்சிடலாம்னு சொல்றான். அம்பது வருசம் ஆச்சில்ல. தேதி பாக்க காயிதத்த எடுத்தா, ஒம்பதாம் தேதின்னு போட்டிருக்கு. நீங்க எட்டாம் தேதி சாயங்காலம்னு அம்மாகிட்ட சொன்னீங்க. நாங்க எட்டுலயே குடுத்துக்கினு வரோம்.” அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். சட்டைப் பையில் கண்ணாடி துருத்திக்கொண்டிருந்தது, அவள் அதைப் பார்த்தாள். “அவசரமில்லண்ணா. பேர் கூப்ட்டு முடியட்டும். எட்டா ஒம்பதா, உங்க வாயால ஒண்ணு சொல்லிட்டீங்கன்னா போதும், அதயே வச்சிக்கிறோம்.” அவர் சரிம்மா என்றார். சரி என்ற சொல் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. எட்டு என்று சொன்னால் முடிந்தது, அவள் அதையே வைத்துக்கொள்வாள். அரசாங்கத்தில் தப்பாகப் போட்டுவிட்டான் என்றால் இந்த நாட்டில் யார் நம்பமாட்டார்கள். ஒன்பது என்று சொன்னால் அடுத்தது அவள் கேட்பாள். சாயங்காலம் அடிபட்டவன் எப்படி ஒன்பதாம் தேதி செத்தான் என்று கேட்பாள். அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் ஒரு ராத்திரி இருக்கிறது.

மூன்றாம் பக்கம். “பேரூராட்சி மனமுவந்து அளித்த நான்கு சென்ட் நிலத்தில்...” மனமுவந்து அளிக்கவில்லை, எட்டு வருடம் அலையவிட்டார்கள், அந்த எட்டு வருடமும் கல் பால் சங்கத்துச் சுவரில் சாய்ந்து கிடந்தது, ஆடுகள் உரசிக்கொண்டு போகும். வேதாசலத்தின் கண் மேடைக்குப் பின்னால் இருந்த படத்துக்குப் போயிற்று. ஏகாம்பரத்துக்குத் தனிப் படம் கிடையாது. கம்பெனியில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கினார்கள். இடது பக்கம் வெட்ட முடியாமல் இன்னொருவன் தோள் கொஞ்சம் மாட்டிக்கொண்டது. அது வேதாசலத்தின் தோள். மாலை போடும்போது ஒவ்வொரு வருடமும் மாலை அந்தத் தோள் மேலும் விழுகிறது. படத்தில் இருக்கிறவன் இருபத்தைந்து வயது, லேசாக மூக்கால் பேசுகிறவன், பச்சைமிளகாய்க்கு நாக்கு செத்தவன். பருப்பும் ரொட்டியும், பருப்பும் ரொட்டியும் என்று இருபது நாள். கிழக்கே, ஆறு எது வயல் எது என்று தெரியாத தண்ணீர் தேசத்தில், ஆள் ஓடிப்போன கிராமம் ஒன்று வரப்புக்கு அந்தப் பக்கம் தெரியும். “அங்க ஒரு வூட்டாண்ட மொளகா செடி பாத்தேன்டா. நாலு பறிச்சாந்தா போதும், உப்பு வச்சி கடிச்சிக்கலாம்,” என்றான். எட்டாம் தேதி, இருட்டுகிற நேரம். “இப்பவா, பேர் கூப்பிடற நேரம்டா.” “வந்துடுவேன். வரலைன்னா நீ பாத்துக்க.” வரப்பில் ஏறிக் குனிந்து போனான். முதுகுதான் கடைசியாகப் பார்த்தது. முகத்தைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று வேதாசலம் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அன்று மத்தியானமாக இருக்கலாம், சட்டியைக் கழுவும்போது. இப்போது முகம் என்றால் அந்தச் சுவர்ப் படம்தான் வருகிறது, தோளோடு.

நீ பாத்துக்க. அதில் புதிதாக ஒன்றும் இல்லை. வடக்கே முகாமில் இருந்தபோது சினிமாவுக்குப் போய் நேரம் தப்பிய மூன்று தடவையும் வேதாசலத்துக்காக ஏகாம்பரம்தான் குரல் கொடுத்திருக்கிறான், குரலைக் கொஞ்சம் தடித்துக்கொண்டு. கம்பெனியில் எல்லாரும் செய்கிறதுதான். அன்றைக்கு விளக்கு கூடாது என்று உத்தரவு, மாமரத்தடி முழுக்க இருட்டு. ஹவில்தார் நினைவிலிருந்தே பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார், இருட்டிலிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. பெயர் கூப்பிட ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. அங்கே எந்நேரமும் ஏதாவது வெடித்துக்கொண்டிருந்தது, யாரும் தலையைத் திருப்பவில்லை. வேதாசலம் திருப்பினார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் இல்லை, அது இன்னும் தள்ளி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஏகாம்பரத்தின் பெயர் வந்தது. மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு “ஹாஜிர் சாப்” என்றார். ஏழு பெயர் தள்ளித் தன் பெயர் வந்தது, தன் குரலில் சொன்னார். ஹவில்தார் அதிகாரியிடம் எண்ணிக்கை சரி என்றார். எண்ணிக்கை சரியாக இருந்தால் யாரையும் தேட வேண்டியதில்லை. எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருந்தால் நாலு பேர் கிளம்பியிருப்பார்கள், வரப்பைத் தாண்ட இருபது நிமிஷம், தூக்கிவர அரை மணி. இந்தக் கணக்கை ஐம்பது வருடமாகப் போட்டுப் பார்க்கிறார், விடை மாறவில்லை.

“நம் தலைவர் அவர்களின் அயராத உழைப்பால் மின்விசிறி நான்கு...” அது எத்தனையாவது பக்கம் என்று தெரியவில்லை. ஐந்தோ ஆறோ. ஏழு மணிக்குச் சொல்லியிருக்கலாம். எட்டு மணிக்குச் சொல்லியிருக்கலாம், எட்டு மணிக்குச் சொன்னால் ஒரு வாரம் தண்டனை, அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு, தூங்கிப்போயிருப்பான், கட்டில் கிட்டில் கிடைத்திருக்கும் என்று தோன்றியது. அவன் அப்படிச் செய்யக்கூடியவன்தான். பத்து மணிக்கு மேல் சொல்வதென்றால் முதலில் பொய் சொன்னேன் என்றல்லவா ஆரம்பிக்க வேண்டும். ஒரு பதுங்குகுழிக்கு இரண்டு பேர், அவன் இடம் காலியாக இருந்தது, அவன் கம்பளியையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார். போர்த்திக்கொண்டபோது கதகதப்பாக இருந்தது. அப்புறம் அந்தச் சத்தம். நரி. அங்கே நரிகள் நிறைய. எப்போதும் கூட்டமாகக் கத்தும், இது தனியாகக் கத்தியது, கத்திவிட்டு நிறுத்தியது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். நரி தனியாகக் கத்தாதா என்ன. கத்தும். ஊருக்கு வந்த பிறகு பாலாற்று முள்காட்டில் கத்துகிற நரியை எத்தனையோ நாள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார், ஒத்துப் பார்க்கத்தான். அப்படித்தான் இருந்தது என்று ஒரு நாள் தோன்றும், மறுநாள் இல்லை என்று தோன்றும். விடிந்து அவர்தான் முதலில் போனார். இடுப்புப் பட்டையை அவிழ்த்து, கண்ணிவெடியில் சிதைந்த காலின் தொடையில் தானே இறுக்கிக் கட்டியிருந்தான். புல் படிந்த தடம் பதினைந்து கெஜம் இருந்தது, இந்தப் பக்கமாக, தங்கள் பக்கமாக. சட்டைப் பையில் மிளகாய். நாலு என்று சொன்னவன் கை நிறையப் பறித்திருந்தான். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு நாலு மணி வாக்கில் போயிருக்கும் என்றார். சாயங்காலம் பெயர் கூப்பிட்டபோது ஆள் இருந்தானே என்றார் ஹவில்தார். எல்லாரும் வேதாசலத்தைப் பார்த்தார்கள். பாதி ராத்திரியில் ஏதோ சத்தம் கேட்குது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான் சாப், என்று அவர் சொன்னார். சொல்லும்போதே அது நன்றாக இருந்தது. காவல் கடமையில் வீரமரணம், ஒன்பதாம் தேதி. மிளகாயை அவரே எடுத்துத் தண்ணீரில் எறிந்தார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அம்மாவுக்குப் பென்ஷன் வந்தது, இந்தக் கல் வந்தது, நாலு மின்விசிறி வந்தது. பிறகு லீவில் வந்தபோது அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், ரொம்ப நேரம் கஷ்டப்பட்டானாப்பா என்று. இல்லம்மா, எட்டாம் தேதி சாயங்காலம், கண் மூடித் திறக்கறதுக்குள்ள, என்றார். தெய்வானை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கைதட்டல் கேட்டது. ஏழு பக்கம் முடிந்திருந்தது. துளசிராமன் கண்ணாடியைத் துடைத்தார். வேதாசலத்துக்கு அப்போது ஒன்று தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது, வாய் தானாக இறுகிக்கொண்டது. பதில் சொல்லாமல் இருந்தால் என்ன. ஒரே ஒரு தடவை எண்ணிக்கை குறையட்டும். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள், கேட்டால் சொல்லிவிடலாம், கேட்டால்தான் சொல்ல முடியும், தானாக எப்படி ஆரம்பிப்பது. “லான்ஸ் நாயக் ஏகாம்பரம்,” என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. தூறல் சத்தம் மட்டும் கேட்டது. அவர் எழவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் ஒரு பிசிர் இருந்தது, அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். துளசிராமன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து மறுபடியும் கூப்பிட்டார். முன்வரிசையில் தெய்வானை திரும்பினாள். “யோவ், தூங்கிட்டியா,” என்று முனிரத்தினம் முழங்கையால் இடித்தான். அவர் அசையவில்லை. தலைவர் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார், பின்னால் யாரோ இருமினார்கள். நண்பன் நாலு பேர் நடுவில் தலைகுனிய வேண்டாம் என்று முனிரத்தினத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, வேதாசலத்தின் கரகரப்பைத் தன் குரலில் வரவழைத்து, “உள்ளேன் ஐயா,” என்றான். துளசிராமன் பதிவேட்டில் டிக் போட்டார். “நாயக் வேதாசலம்.” வேதாசலம் வாயைத் திறந்தார். அதே கரகரப்பு பக்கத்து நாற்காலியிலிருந்து மறுபடியும் வந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். முனிரத்தினம் அவர் தொடையைத் தட்டினான். “நான் பாத்துக்கினேன். நீ தூங்கு.” பெயர்கள் ஓடின. கடைசியில் துளசிராமன் தலைவர் பக்கம் திரும்பி விறைப்பாக நின்று, “மொத்தம் முப்பத்தெட்டு பேர். எல்லாரும் ஆஜர்,” என்றார்.

மலர்வளையம் வைக்கத் தெய்வானையை அழைத்தார்கள். அவள் எழுந்து கல்லை நோக்கிப் போகாமல் நாற்காலிகளுக்கு நடுவில் வந்தாள். தன்னைப் பார்த்து வருகிறாள் என்று வேதாசலத்துக்குத் தெரிந்தது. காலையில் பையில் இருந்த கண்ணாடியைப் பார்த்ததுபோலவே, சற்று முன்னால் அசையாமல் இருந்த வாயையும் அவள் பார்த்திருக்கிறாள். எட்டு என்று சொல்லிவிடலாம், இப்போதும் முடியும், ஒரு சொல்தான். “எட்டா அண்ணா, ஒம்பதா?” என்றாள். “ஒம்பது,” என்றார். அவள் கணக்குப் போடுவதுபோல் நின்றாள். “அப்ப ராத்திரி பூரா இருந்திருக்கான்.” “தாயி, தலைவர் நின்னுக்கினு கீறாரு, போயி வச்சிட்டு வந்து பேசும்மா,” என்றான் முனிரத்தினம். அவள் அவனைப் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்தி, கூட்டத்தில் யாருக்கும் கேட்காதபடி, “கூப்ட்டானாண்ணா?” என்றாள். வேதாசலம் கல்லைப் பார்த்தார். அந்த எட்டு இங்கிருந்தே தெளிவாகத் தெரிந்தது. “நரின்னு நெனச்சேம்மா,” என்றார். மேலே சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, மாமரம், ஹவில்தார், மூக்கை அடைத்துக்கொண்டது, எதுவும் வரவில்லை. ஒலிபெருக்கியில் தெய்வானை பெயரை இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். அவள் மலர்வளையத்தை அவர் மடியில் வைத்தாள். நனைந்த சாமந்தி, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, வேட்டி வழியாக ஈரம் இறங்கியது. “நாளைக்குத்தானே,” என்றாள். “நாளைக்கு வந்து வைக்கிறேன்.” குடையை எடுக்காமல் தூறலில் இறங்கி, கல்லைத் தாண்டி, ரோட்டுப் பக்கம் நடந்தாள். தலைவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கல்லுக்குப் பக்கத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.